கடலோர அம்பாசடரில் எர்த் அடிக்கும் வயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய பெட்ரோல் அம்பாசடரில் இக்னிஷன் வயருக்கு ஃபியூஸ் கிடையாது. பாட்டரியிலிருந்து சாவிக்கு வரும் வயரும், சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் வயரும் நேரடியாக ஓடுபவை. ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் ஃபியூஸ்கள் ஹாரன், வைப்பர், மீட்டர் போன்றவற்றைத்தான் காக்கின்றன. அதனால் இந்த இரண்டு வயர்களில் ஒன்று எங்காவது தோலுரிந்து பாடியில் பட்டால், கரண்டை நிறுத்த நடுவில் எதுவுமே இல்லை. வயர்தான் எரியும். பக்கத்திலேயே பெட்ரோல் பைப்பும் கார்புரேட்டரும் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், ஷார்ட் என்பதை ஏன் சில்லறைக் கோளாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது விளங்கும்.

இது அந்த வண்டியின் பிறவிக்குணம். 1956-இல் இங்கிலாந்தில் வந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடராகத் தயாரித்தது. 1950-களின் கடைசியில் தொடங்கிய தயாரிப்பு 2014 மே மாதம்வரை நடந்தது. காருக்குள் ஓடிய மின்சார ஏற்பாடு லூகாஸ் கம்பெனியின் பாணி. அதே லூகாஸ், டி.வி.எஸ்ஸோடு சேர்ந்து 1961-இல் தொடங்கிய நிறுவனம்தான் சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ்-டி.வி.எஸ். டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ, செல்ஃப் மோட்டார் என்று எத்தனையோ இந்திய வண்டிகளின் பாகங்கள் அங்கிருந்து வந்தவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டாக்ஸியாக ஓடிய அம்பாசடர்களில் நிறைய டீசல் வண்டிகள். டீசல் எஞ்சினுக்குக் காயிலும் இல்லை, ஸ்பார்க் பிளக்கும் இல்லை. இங்கே பேசுவது பெட்ரோல் வண்டியைப் பற்றி மட்டும். பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் வயர் நிறங்களைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் பொருந்தும்.

கிளிஞ்சல்மேடு மாதிரி ஊரில் இந்த வண்டியை வைத்திருப்பது மதுரையில் வைத்திருப்பது போன்றதல்ல. காரைக்காலை ஒட்டிய கடற்கரை மீனவக் கிராமம் அது. அலை உடையும் இடத்திலிருந்து காற்று உப்பை நேராக வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. நம் சமையலறை உப்பின் முக்கியச் சரக்கான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் தேங்குவதற்கும் இதுதான் காரணம். பானட்டுக்குள் படிந்த உப்பும் அப்படியே. துடைக்காமல் விட்டால் அது வெயில் நாளிலும் முழுசாகக் காய்வதில்லை. உப்பு ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். அது செப்புக் கம்பியைப் பச்சையாக அரிக்கும், இரும்பைத் துருவாக்கும்.

இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கரண்ட் போகக் கூடாத இடத்துக்குப் போவது ஒன்று. போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நிற்பது இன்னொன்று. முதலாவது ஷார்ட். இரண்டாவது, துருவாலோ அரிப்பாலோ வழி அடைபடுவது. வண்டி நின்றுபோனால் இரண்டும் வெளியில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு உதவாது. காயிலை மாற்று, கண்டென்சரை மாற்று, பிளக்கை மாற்று என்று வரிசையாகப் பணம் செலவழிப்பவர்கள் அனேகமாக இதைப் பார்க்காமல் தொடங்கியவர்கள். எங்கே கோளாறு என்று தெரியாமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

கரண்ட் போகும் வழியை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். பாட்டரியிலிருந்து பழுப்பு வயர் சாவிக்கு வருகிறது. சாவியைத் திருப்பினால் அங்கிருந்து வெள்ளை வயர் வழியாகக் காயிலின் ஒரு முனைக்குப் போகும். பழைய காயிலில் அந்த முனையில் எஸ்.டபிள்யூ. என்றும், அடுத்த முனையில் சி.பி. என்றும் பொறித்திருக்கும், பிற்காலக் காயில்களில் கூட்டல், கழித்தல் குறிகள். சி.பி. முனையிலிருந்து கறுப்புக் கோடு போட்ட வெள்ளை வயர் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நுழைந்து பாயிண்டில் சேர்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது கரண்ட் எஞ்சின் உலோகத்தில் இறங்கிவிடும். அங்கிருந்து எர்த் பட்டை வழியாகப் பாடிக்கும், பாடியிலிருந்து பாட்டரிக்கும் திரும்பும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலுக்குள் ஓடிய கரண்ட் அறுபட்டு, இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாக விழுகிறது.

ஆக, இந்தச் சர்க்யூட் ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் எர்த்தில்தான் இருக்க வேண்டும். பாயிண்ட் மூடும்போது எர்த், திறக்கும்போது எர்த் இல்லை. அந்த மாற்றம்தான் பொறி. இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. காயிலுக்கு முன்னால் ஷார்ட் ஆனால் புகை வரும். காயிலுக்குப் பின்னால் ஷார்ட் ஆனால் புகை வராது. காயிலின் முதல் சுற்றுக்குச் சுமார் 3 ஓம் தடை உண்டு. 12 வோல்ட்டில் அது 4 ஆம்பியருக்கு மேல் விடாது. கறுப்புக் கோட்டு வயர் முழுசாகப் பாடியில் ஒட்டிக்கொண்டாலும் வயர் எரியாது, வாடையும் வராது. பாயிண்ட் திறந்தாலும் எர்த் விடுபடாததால் பொறி மட்டும் வராது. மேக்னெட்டோவில் ஓடும் மொபெட்டின் சாவியை அணைப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது: காயில் வயரை எர்த்தில் சேர்த்துவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பெட்ரோல் வருகிறது, புகை இல்லை, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் உங்கள் வண்டியும் அப்படி அணைந்தே கிடக்கலாம். அந்த நிலையில் சாவியைப் போட்டே வைத்திருந்தால் காயில் சூடேறிக் கெட்டுப்போகும்.

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். 12 வோல்ட், 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு நீள வயர், நுனியில் முதலை கிளிப். மல்டிமீட்டரைவிட நான் இதைத்தான் நம்புவேன். அரித்துப்போய் ஒரே ஒரு இழை மிஞ்சியிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். பல்பு எரியக் கரண்ட் வேண்டும்; அந்த ஒற்றை இழை அதைத் தராமல் பல்பு மங்கும். இன்னொரு வசதி, பாட்டரியின் எந்த முனை பாடியில் சேர்ந்திருந்தாலும் பல்பு எரியும். மிகப் பழைய வண்டிகளில் பாசிடிவ் முனை எர்த்தாக இருக்கக்கூடும், அதனால் தொடங்கும்முன் அதையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிய வண்டியில் பாயிண்ட் சம்பந்தமான சோதனைகளைச் செய்யக் கூடாது. அந்த மாட்யூல் தாங்காது.

புகை வந்த வண்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். செய்ய வேண்டிய முதல் காரியம் பாட்டரியின் எர்த் முனையைக் கழற்றுவது. மற்ற முனையை முதலில் தொடக் கூடாது. அதைத் தளர்த்தும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் அங்கேயே இன்னொரு ஷார்ட் விழும். எர்த்தைக் கழற்றிவிட்டால் அந்த ஆபத்து இல்லை. பிறகு கழற்றிய எர்த் வயருக்கும் பாட்டரி முனைக்கும் நடுவில் நம் பல்பைக் கோத்துவிடுங்கள். சாவி அணைந்திருக்கட்டும், விளக்குகள் அணைந்திருக்கட்டும், கதவுகள் மூடியிருக்கட்டும். பல்பு எரியக் கூடாது. பளிச்சென்று எரிந்தால் கோளாறு சாவிக்கு முன்னால், அனேகமாகப் பழுப்பு வயரில். எரியவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்டுகளுக்கு நடுவில் ஒரு விசிட்டிங் கார்டுத் துண்டைச் செருகுங்கள். சாவி போட்டால் உயிர்பெறும் வரிசைக்கான ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள். இப்போது சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் சார்ஜ் லைட் எரியலாம், நம் பல்பு எரியக் கூடாது. எரிந்தால், அனேகமாக வெள்ளை வயர் எங்கோ பாடியில் படுகிறது.

இந்தப் பல்பின் அருமை இங்கேதான். ஷார்ட் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பல்பு 2 ஆம்பியருக்குக் குறைவாகத்தான் விடும். வயர் சூடாகாது. அவசரமில்லாமல், பல்பை எரியவிட்டபடியே தேடலாம். காயிலிலிருந்து வெள்ளை வயரைக் கழற்றுங்கள். பல்பு அணையாவிட்டால் சாவியின் பின்பக்கத்தில் அதே வயரைக் கழற்றுங்கள். அப்போது அணைந்தால் இரண்டுக்கும் நடுவில் ஓடும் நீளத்தில்தான் கோளாறு. திரும்ப மாட்டிவிட்டு, வயரிங் கட்டை ஒரு முனையிலிருந்து சாண் சாணாக அசைத்துக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் பல்பு கண் சிமிட்டும். அங்கே டேப்பைப் பிரியுங்கள்.

பெரும்பாலும் அது எஞ்சின் அறைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தகட்டை வயர் தாண்டும் ஓட்டையாக இருக்கும். அங்கே இருந்த ரப்பர் வளையம் வருஷக்கணக்கில் காய்ந்து நொறுங்கியிருக்கும். துருவேறிய தகட்டு விளிம்பு அரம் மாதிரி வயரின் தோலை உரித்திருக்கும். அடுத்து சாவிக்குப் பின்னால் பார்க்க வேண்டும். அதற்கும் அடுத்தபடி, திருட்டுக்குப் பயந்து முன்பு யாரோ மாட்டிய ரகசியக் கட்-ஆஃப் சுவிட்ச். வெள்ளை வயரை நடுவில் வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, சீட்டுக்கு அடியிலோ டேஷ்போர்டுக்கு அடியிலோ விட்டிருப்பார்கள். சூட்டில் டேப்பின் பசை இளகி அவிழ்ந்திருக்கும். அந்த மாதிரி சுவிட்ச் இருந்தால், வேலை செய்தாலும்கூட எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. வயல் சூழ்ந்த டெல்டாவில் வண்டி வாரக்கணக்கில் நின்றால் எலி கடித்த இடத்தையும் தேடிப் பாருங்கள்.

இனி, புகையே வராமல் பொறியும் வராமல் கிடக்கும் வண்டி. பாட்டரியை வழக்கம்போல மாட்டி, சாவியைப் போட்டு, பல்பின் ஒரு முனையை எஞ்சின் உலோகத்தில் கவ்வவிட்டு, மறுமுனையைக் காயிலின் எஸ்.டபிள்யூ. முனையில் வையுங்கள். நன்றாக எரிந்தால் காயில்வரை கரண்ட் வருகிறது. அடுத்து அதே பல்பைச் சி.பி. முனைக்கு மாற்றுங்கள். காயிலின் நடுவயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து பிடுங்கி அதன் நுனியை எஞ்சின் உலோகத்தோடு சேர்த்துவைத்துவிட்டு, எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். பாயிண்ட் திறந்து மூடும் தாளத்துக்குப் பல்பு மினுக்க வேண்டும். மினுக்கினால் தாழ்ந்த வோல்ட்டேஜ் பக்கம் முழுக்கச் சரி. விடாமல் எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது அதன் முகத்தில் அழுக்கோ அரிப்போ இருக்கிறது. எரியவே இல்லை என்றால் அந்தப் பக்கம் நிரந்தரமாக எர்த் ஆகியிருக்கலாம்.

அதை உறுதி செய்ய, சி.பி. முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் வயரைக் கழற்றிவிட்டு முனையில் மட்டும் பல்பை வையுங்கள். எரியாவிட்டால் காயிலுக்குள்ளேயே சுற்று அறுந்திருக்கிறது. எரிந்தால் காயில் பிழைத்தது, கோளாறு அதற்கப்பால். வயரைத் திரும்ப மாட்டி, இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் முனையில் கழற்றுங்கள். அப்போதும் எரியவில்லை என்றால் நடுவில் உள்ள அந்த ஒரு முழ வயர்தான் குற்றவாளி. எரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போக வேண்டும்.

உள்ளே பார்க்க வேண்டியது நாலு இடம். வயரை மாட்டிவிட்டுப் பாயிண்டுகளுக்கு நடுவில் கார்டைச் செருகுங்கள். பல்பு எரிந்தால் பாயிண்ட் திறக்காததுதான் பிரச்சினை. கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேய்ந்து இடைவெளி செத்திருக்கும். 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால் தீர்ந்தது. கார்டு செருகியும் எரியவில்லை என்றால் கண்டென்சரின் வயரை மட்டும் விடுவித்துப் பாருங்கள். எரிந்துவிட்டால் கண்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட். அதற்கும் எரியாவிட்டால், பாயிண்டின் ஸ்பிரிங் உட்காரும் தூணைக் கவனியுங்கள். வயர் நுனியும் ஸ்பிரிங்கும் ஒன்றையொன்று தொட வேண்டும், தூணைத் தொடக் கூடாது. அதற்காக நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் புஷ்ஷும் ஃபைபர் வாஷரும் இருக்கும். பாயிண்ட் மாற்றும் அவசரத்தில் வாஷர் தவறினாலோ வரிசை மாறினாலோ சர்க்யூட் முழுசாக எர்த். நேற்றுவரை ஓடிய வண்டி பாயிண்ட் மாற்றியதும் ஓடவில்லை என்றால் வேறெதையும் தேடாதீர்கள், முதலில் அந்த வாஷரைப் பாருங்கள்.

நாலாவது இடம் கொஞ்சம் தந்திரமானது. டிஸ்ட்ரிபியூட்டரின் வெளிமுனையிலிருந்து பாயிண்டுக்கு உள்ளே ஒரு குட்டி வயர் போகிறது. வேக்குவம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு சற்றுத் திரும்பும். அந்த வயரும் கூடவே வளையும். தோல் வெடித்த வயர், தட்டு ஒரு நிலையில் இருக்கும்போது எங்கும் படாது, திரும்பும்போது படும். வண்டி ஸ்டார்ட் ஆகிறது, நின்ற இடத்தில் அழகாக ஓடுகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்துப் புறப்பட்டால் செத்துப்போகிறது. இதைப் பெட்ரோல் கோளாறு என்று நினைத்துக் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டவர்கள் ஏராளம். தட்டைக் கையால் திருப்பியபடியே பல்பைப் பார்த்தால் அந்த வயர் மாட்டிக்கொள்ளும். மாற்றும்போது சாதாரண வயரைப் போடாமல், மெல்லிய இழைகள் நிறைய உள்ள, வளைய வளைய ஒடியாத வயரைப் போட வேண்டும்.

காலையில் மட்டும் அடம்பிடித்து, வெயில் ஏறியதும் சமர்த்தாகப் புறப்படும் வண்டியில் மேற்சொன்ன சோதனைகள் எந்தக் கோளாறையும் காட்டா. கிளிஞ்சல்மேட்டுக் காற்றின் நேரடி வேலை அது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேலும் காயிலின் கழுத்திலும் படிந்த உப்பு, பனியில் நனைந்து, பிளக்குக்குப் போக வேண்டிய உயர் வோல்ட்டேஜுக்கு வேறு வழி காட்டிவிடுகிறது. விடிவதற்கு முன் இருட்டில் பானட்டைத் திறந்து எஞ்சினைச் சுற்றச் சொன்னால் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையை அருகில் கொண்டுபோக வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, மூடி, காயில், பிளக் வயர்கள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரம் போக்கி, முழுக்கக் காயவிடுங்கள். முதலிலேயே உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு போகாது. மூடியின் உட்புறம் பென்சில் கோடு மாதிரி கறுப்பு வரி விழுந்திருந்தால் பொறி அந்த வழியைக் கரியாக்கிவிட்டது என்று அர்த்தம். சுரண்டிப் பயனில்லை, மூடியை மாற்ற வேண்டும். பழைய பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை, புதியவற்றுக்கு ஜி.பி. ரோடு.

ஷார்ட் மாதிரி வேஷம் போடும் ஒரு கோளாறு கடலோரத்தில் மிகச் சாதாரணம். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சூடாகி டேஷ்போர்டுக்கு அடியில் புகை கிளம்பும். எல்லோரும் வயரிங்கைப் பிரிப்பார்கள். உண்மையில் எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருவேறிக் கரண்ட் விடாமல் போயிருக்கும். செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் எப்படியாவது பாட்டரிக்குத் திரும்ப வேண்டும். சோக் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும் உலோகம்தானே, அது அந்த வழியே போய்விடுகிறது. பட்டையின் இரு முனைகளையும் கழற்றி, உட்காரும் இடத்தை வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசிவிட்டால் போதும். இதற்கு ஆகும் செலவு ஒரு எமரித் தாள்.

கோளாறு தெரிந்தபின் வேலையைக் கடலோரத்துக்குத் தக்கபடி செய்யுங்கள். வயரை வெட்டிப் பார்த்தால் செம்பு பச்சையாக இருக்கும்; பளபளக்கும் செம்பு வரும்வரை பின்னால் வெட்டிக்கொண்டே போங்கள். கை நீளம் பச்சையாக இருந்தால் அந்த வயரையே முழுசாக மாற்றுங்கள். இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். கறுப்பு டேப் மட்டும் போதாது. தகட்டு ஓட்டையில் புது ரப்பர் வளையம் போடாமல் வயரை இழுக்கவே கூடாது. முனைகளை இறுக்கிய பின் வாசலின் பூசலாம், பாயிண்டின் முகத்தில் மட்டும் பிசுக்கே படக் கூடாது. வண்டியைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடாதீர்கள், ஈரத்தை அது உள்ளேயே பிடித்துவைக்கும். காற்றோடும் கொட்டகை எவ்வளவோ மேல்.

கூடவே இரண்டு சேர்மானங்களை நான் வற்புறுத்துவேன். சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் வெள்ளை வயரில், சாவிக்கு அருகிலேயே, ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸ். காயிலுக்கு 4 ஆம்பியர்தான் வேண்டும் என்பதால் ஓட்டத்தில் அது அநாவசியமாக எரியாது. ஃபியூஸ் வரிசைக்கும் அதே வெள்ளை வயரிலிருந்து கரண்ட் பிரிகிறதா என்று பார்த்து, பிரியும் இடத்துக்கு அப்பால் காயில் பக்கத்தில் மட்டும் மாட்டுங்கள். இரண்டாவது, பாட்டரி எர்த் முனையில் கையால் திருகும் கட்-ஆஃப் சுவிட்ச். பழுப்பு வயருக்கு அதுதான் காவல். ராத்திரி வண்டியை விடும்போது திருகி அணைத்துவிடலாம். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருகுவது என்று காட்டிவையுங்கள்.

பல கைகள் மாறிய வண்டியில் வயர் நிறங்களை நம்ப முடியாது. வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் பச்சையோ சிவப்போ ஓடும். நீங்கள் தேடிக் கண்டுபிடித்த வழியை, இருக்கும் நிறங்களோடு, ஒரு தாளில் வரைந்து டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அடுத்து அந்த வண்டியைத் தொடும் எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துவிட்டு நேரே வேலையைத் தொடங்குவார்.